மிச்சம் எங்கே இருக்கிறது?

நெருப்பு, கடன், பகை மூன்றையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள். நோயையும் நாலாவதாகச் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பின்னால் நடந்த பேச்சு காதில் விழுந்தது. உறவுக்காரப் பெண் ஒருவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. மருத்துவர்கள் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மார்பகத்தை விட்டுவிட்டார்களாம். "முழுசா எடுத்திருந்தா நிம்மதியா இருக்கலாம்லக்கா, மிச்சம் வச்சுட்டுத் தினம் பயந்துக்கிட்டே இருக்கணுமா?" என்றார் ஒருவர். "அதை விடு, கத்தி பட்டாலே பரவிடுமாம்" என்றார் அக்கா.

இருவரும் அக்கறையில்தான் பேசினார்கள். இருவர் சொன்னதும் சரியில்லை. ஆனாலும் முதலாமவரைக் கேலி செய்ய முடியாது. ஏறத்தாழ எண்பது வருடம் உலகத்தின் பெரிய பெரிய அறுவை மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவரும் ஓர் அறுவை மருத்துவர்தான்: பெர்னார்ட் ஃபிஷர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் 1918இல் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் படித்து, அங்கேயே பேராசிரியராகி, 2019இல் தமது 101ஆவது வயதில் இறந்தார்.

அவர் என்ன சாதித்தார் என்று ஒரு வரியில் கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும். மருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. "இவ்வளவு வெட்டத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். பதிலை ஊகிக்காமல், ஆயிரக்கணக்கான பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று புரிந்தால் கல்யாண வீட்டுப் பேச்சில் எங்கே பிசகு என்பதும் புரிந்துவிடும்.

## ஒரு நோய், இரண்டு ஆபத்து

உடம்பில் செல்கள் தேவைக்கு ஏற்பப் பிரிந்து பெருகும், பிறகு நின்றுவிடும். நிற்காமல் பெருகிக்கொண்டே போனால் கட்டி. அந்தக் கட்டியின் செல்கள் தம் இடத்தை விட்டுக் கிளம்பி வேறு இடத்தில் குடியேறும் குணம் பெற்றுவிட்டால் அது புற்றுநோய்.

எடுத்த இடத்திலேயே கட்டி திரும்ப முளைப்பது ஓர் ஆபத்து. இதை இங்கே 'மறுமுளைப்பு' என்று சொல்லிக்கொள்வோம். எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை என்று தூர இடங்களில் போய் உட்காருவது இன்னோர் ஆபத்து. இது 'பரவல்'. மார்பகத்தில் இருக்கும் கட்டி தானாக உயிரை எடுப்பது அபூர்வம். உயிரை எடுப்பது பெரும்பாலும் பரவல்தான். பேச்சு வழக்கில் நாம் இரண்டையும் சேர்த்து "திரும்ப வந்துடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இன்னொரு சொல்லும் வேண்டும். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அங்கே வீங்குவது நிணநீர் முடிச்சு. திசுக்களிலிருந்து வடியும் நிணநீர் இந்த முடிச்சுகள் வழியாகத்தான் இரத்தத்துக்குத் திரும்புகிறது. மார்பகத்துக்கான முடிச்சுகள் பெரும்பாலும் அக்குளில் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோயை முதலில் அங்கே பார்ப்பது சகஜம்.

## ஹால்ஸ்டெட்டும் கூரைத் தீயும்

ஓலைக் குடிசைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு வீடு பற்றிக்கொள்கிறது. தீ பக்கத்து வீட்டுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஒழுங்காக நகரும். ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? எரியாத நாலு வீட்டுக் கூரையையும் சேர்த்துப் பிய்த்துப் போட்டு இடைவெளி உண்டாக்குவார்கள். எவ்வளவு தூரம் பிய்க்கிறோமோ அவ்வளவு பத்திரம்.

பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் புற்றுநோயை இப்படித்தான் பார்த்தார். மார்பகம், பிறகு அக்குள் முடிச்சு, பிறகு அதற்கு அப்பால் என்று நோய் வரிசை தப்பாமல் நகரும். முடிச்சுகள் அதைக் கொஞ்ச காலம் தடுத்து நிறுத்தும் சல்லடை. அந்த எல்லைக்குள் இருக்கும்போதே எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டால் நோய் தீர்ந்தது. 1894இல் அவர் ஐம்பது நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மார்பகம், அதன் கீழுள்ள மார்புத் தசை, அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுக்கும் முறை அது. 'ராடிக்கல் மாஸ்டெக்டமி' என்று பெயர். ராடிக்கல் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலம் 'வேர்'. வேரோடு பிடுங்குவது.

அவர் காலத்துக்கு அது முன்னேற்றம்தான், அதை மறுக்கக் கூடாது. கைப்பிடி அளவு கட்டியோடு வந்த பெண்கள் அவர்கள்; முந்தைய மருத்துவர்கள் எடுத்த இடத்திலேயே கட்டி மீண்டும் மீண்டும் வெடித்துக் கிளம்பியது. ஹால்ஸ்டெட்டின் நோயாளிகளிடம் அந்த மறுமுளைப்பு வெகுவாகக் குறைந்தது. விலையும் கடுமை. விலா எலும்பு தெரியும் அளவுக்கு மார்பு குழிந்துபோகும், தோளை முழுக்க உயர்த்த முடியாது, நிணநீர் வடிய வழியில்லாமல் கை யானைக்கால் போல வீங்கும்.

அத்தனைக்குப் பிறகும் பல பெண்கள் சில ஆண்டுகளில் எலும்பிலோ கல்லீரலிலோ நோய் வந்து இறந்தார்கள். இதற்கு அறுவை மருத்துவர்கள் சொன்ன பதில்தான் விசித்திரம்: "போதுமான அளவு வெட்டவில்லை." அப்புறம் என்ன, கழுத்தெலும்புக்கு மேலும் நெஞ்செலும்புக்குப் பின்னாலும் இருக்கும் முடிச்சுகள் வரை கத்தி போனது, சிலர் விலா எலும்பையும் விட்டுவைக்கவில்லை. ஒரு யோசனை தோற்கும்போதெல்லாம் அதையே இன்னும் அதிகமாகச் செய்தால், அந்த யோசனை தவறு என்று எப்போதுதான் தெரியவரும்?

அந்தக் கால அமெரிக்காவில் ஒரு பெண் கட்டியோடு போனால் மயக்க மருந்து கொடுத்து, கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே சோதித்து, புற்றுநோய் என்றால் அதே மேசையில் மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். கண் விழித்துப் பார்த்துத்தான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புற்றுநோயில் மறுமுளைப்பு வேறு, பரவல் வேறு. ஹால்ஸ்டெட்டின் அறுவை மறுமுளைப்பைக் குறைத்தது. அதனால் பரவலும் நிற்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

## எருக்கம் விதை

ஃபிஷருக்குத் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோயில் தனி ஈடுபாடு ஒன்றும் கிடையாது. 1950களில் அவர் பிட்ஸ்பர்க்கில் அறுவை ஆய்வுக் கூடத்தைப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தார். கல்லீரல், உறுப்பு மாற்று போன்றவற்றில்தான் மும்முரம். 1957இல் அவருடைய பழைய வழிகாட்டி இசிடோர் ராவ்டின், மார்பக அறுவையோடு மருந்தும் கொடுத்துப் பார்க்கும் ஒரு கூட்டுத் திட்டத்துக்கு வரச் சொல்லி அழைத்தார். மறுக்க முடியாமல் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த ஆண்டு அமைந்த அந்தக் கூட்டமைப்பின் பெயரை அதன் எழுத்துகளால் என்எஸ்ஏபிபி என்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல மருத்துவமனைகள் ஒரே திட்டப்படி சிகிச்சை தந்து முடிவுகளை ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு அது. 1967இல் ஃபிஷர் அதன் தலைவரானார்.

இதற்கிடையே அவரும் அவருடைய தம்பி எட்வினும் ஆய்வுக் கூடத்தில் ஓர் எளிய கேள்வியைத் துருவினார்கள். நிணநீர் முடிச்சு உண்மையிலேயே சல்லடையா? எட்வின் நோய்க்குறியியல் மருத்துவர், அதாவது திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்பவர். விலங்குகளின் நிணநீரில் புற்றுச் செல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். முடிச்சுக்குள் போன செல்களில் பல அங்கே நிற்காமல் மறுபக்கம் வெளியே வந்தன. நிணநீரிலிருந்து இரத்தத்துக்கும் தாராளமாகப் போய்வந்தன.

அப்படியானால் கூரைத் தீ உவமை பொருந்தாது. நமக்கு வேறொன்று வேண்டும். எருக்கஞ்செடியைப் பார்த்திருப்பீர்கள். காய் வெடித்தால் பஞ்சு முளைத்த விதைகள் காற்றில் கிளம்பும். அடுத்த வயல் என்ன, ஆற்றைத் தாண்டியே போய் விழும். அதற்கு வரிசையும் கிடையாது, வரப்பும் கிடையாது. காய் வெடித்த பிறகு செடியைச் சுற்றிப் பத்தடி ஆழம் மண்ணைத் தோண்டி எடுத்தாலும் பறந்த விதை திரும்பாது. காய் வெடிக்கவே இல்லையென்றால் செடியை மட்டும் சுத்தமாகப் பிடுங்கினாலே போதும். இரண்டு வகையிலும் அந்தப் பத்தடிப் பள்ளத்தால் லாபமில்லை.

ஃபிஷரின் கருத்து இதுதான். மார்பகப் புற்றுநோயைக் கையால் தடவி உணரும் நேரத்துக்குள் பலருக்கு அது உடம்பு முழுவதற்குமான நோயாகிவிட்டிருக்கும். அக்குள் முடிச்சில் செல் இருப்பது விதை பறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அங்கிருந்துதான் விதை பறக்கிறது என்று பொருளில்லை.

மிச்சம் இருக்கிறது என்பதில் ஹால்ஸ்டெட்டுக்கும் ஃபிஷருக்கும் சண்டையே இல்லை. அது மார்பிலும் அக்குளிலும் இருக்கிறது என்றார் முதலாமவர். கத்தி எட்டாத இடத்தில் இருக்கிறது என்றார் இரண்டாமவர்.

## சீட்டுக் குலுக்கல் எதற்கு?

சரி, யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சின்ன அறுவை செய்துகொண்ட பெண்களையும் பெரிய அறுவை செய்துகொண்ட பெண்களையும் ஒப்பிட்டால் போதாதா?

போதாது. ஒரு விவசாயி புது உரம் வாங்கி வருகிறார். எந்த வயலில் போடுவார்? கிணற்றடி வயலில்தான். கடைமடை வயலுக்குப் பழைய உரம். அறுவடையில் கிணற்றடி வயல் அதிகம் கண்டால் அது உரத்தால் வந்ததா, தண்ணீரால் வந்ததா? மருத்துவத்திலும் இதே சிக்கல்தான். நோய் முற்றாதவருக்குச் சின்ன அறுவை, முற்றியவருக்குப் பெரிய அறுவை என்று மருத்துவர் பார்த்துப் பார்த்துப் பிரித்தால் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலாகிவிடும். 1920களிலும் 30களிலும் லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீசும் உலோகமான ரேடியத்தை அங்கே வைத்து நல்ல பலன் கண்டார். "அவர் பார்த்தவை லேசான கேஸ்கள்" என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட முடிந்தது இந்தக் கோணலால்தான்.

கோணலை நிமிர்த்த ஒரே வழி, யாருக்கு எது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது. அப்போது வயது, கட்டியின் அளவு, வசதி, தெரிந்தது தெரியாதது எல்லாமே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்துவிடும். கடைசியில் வித்தியாசம் தெரிந்தால் அது சிகிச்சையால் வந்தது. இதற்குச் 'சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு' என்று பெயர். இனி சீட்டு ஆய்வு என்றே சொல்கிறேன். இந்த யோசனை வயலிலிருந்தே வந்தது என்பது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் இதை வகுத்தவர் பெயரும் ஃபிஷர்தான். ரொனால்ட் ஃபிஷர், நம் ஃபிஷருக்கு உறவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தில், சானடோரியத்தில் படுக்க வைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டிலேயே கொடுப்பதையும் சீட்டு ஆய்வாக ஒப்பிட்டார்கள். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று என்று கவனிப்பு பெற்ற சானடோரியக்காரர்களுக்குச் சமமாகவே வீட்டில் இருந்தவர்களும் தேறினார்கள். 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. பெரிய ஏற்பாடு என்றால் பெரிய பலன் என்ற நம்பிக்கை அங்கேயும் இப்படித்தான் உடைந்தது.

ஒரு சீட்டு ஆய்வு நேர்மையாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. எது நல்லது என்று நமக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்துகொண்டே ஒருவருக்குக் குறைந்ததைத் தருவது குற்றம். "எனக்குத் தெரியும்" என்று நினைத்த அறுவை மருத்துவர்கள் ஃபிஷர் மீது எரிந்து விழுந்தது இதனால்தான். அவர்கள் பார்வையில் அவர் பெண்களை வைத்துச் சூதாடினார். எனக்குத் தோன்றுவது: எண்பது வருடம் சோதிக்காமல் வெட்டியதும் சூதாட்டம்தான், கணக்கு மட்டும் எழுதிவைக்கவில்லை.

## முதல் கணக்கு: பி-04

1971இல் தொடங்கிய ஆய்வுக்குப் பி-04 என்று எண். 1,600க்கும் மேற்பட்ட பெண்கள். இவர்களில் அக்குளில் தடவிப் பார்த்து முடிச்சு எதுவும் தட்டுப்படாதவர்கள் 1,079 பேர். இவர்களைச் சீட்டால் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. இரண்டாம் பிரிவுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்து, அக்குளுக்குக் கதிர்வீச்சு. நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அது. மூன்றாம் பிரிவுக்கு மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு அக்குளைத் தொடாமல் விடுவது. பிற்பாடு முடிச்சு வீங்கினால் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பிரிவுதான் சுவாரசியம். தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றாலும், முதல் பிரிவில் எடுத்த முடிச்சுகளைச் சோதித்தபோது சுமார் 40 சதவீதத்தினரிடம் புற்றுச் செல்கள் இருந்தன. பிரித்தது சீட்டு. ஆகவே மூன்றாம் பிரிவிலும் ஏறக்குறைய அதே 40 சதவீதத்தினரிடம் அவை இருந்திருக்க வேண்டும். எடுக்காமல் விட்டாகிவிட்டது. ஹால்ஸ்டெட் சொன்னது சரியென்றால் இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இறக்க வேண்டும்.

இறக்கவில்லை. பிறகு அக்குளில் நோய் தலைகாட்டி அறுவை தேவைப்பட்டவர்கள் அந்தப் பிரிவின் 365 பேரில் 68 பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. உயிரோடு இருந்தவர்களின் விகிதம் மூன்று பிரிவிலும் ஒன்றுபோலவே இருந்தது. 25 ஆண்டு பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவிலும் அதே நிலைதான். கூரையைப் பிய்த்ததற்கும் பிய்க்காததற்கும் உயிர்க்கணக்கில் வித்தியாசமில்லை.

ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, 1974 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ராடிக்கல் அறுவை நடந்தது. அவர் அதை மறைக்காமல் வெளியே சொன்னார். பெண்கள் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசத் தொடங்கிய காலம் அது. சோதனையையும் அறுவையையும் ஒரே மயக்கத்தில் முடிக்கும் வழக்கத்தை எதிர்த்து, நோயாளியும் பத்திரிகையாளருமான ரோஸ் குஷ்னர் ஓயாமல் எழுதினார், வாதாடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, ஹால்ஸ்டெட் அறுவை இனி வழக்கமான சிகிச்சையாக இருக்க வேண்டியதில்லை என்றது.

## இரண்டாம் கணக்கு: கட்டியை மட்டும் எடுத்தால்?

தசையை விட்டாயிற்று. மார்பகத்தையே விடலாமா? 1976இல் தொடங்கிய பி-06 கேட்டது இதை. கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் போகாத பெண்கள். சீட்டில் மூன்று பிரிவு: முழு மார்பகத்தையும் எடுப்பது, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுப்பது, அப்படி எடுத்துவிட்டு மிஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சும் தருவது. நடுவில் சொன்ன அறுவைக்கு 'லம்பெக்டமி' என்று பெயர். அக்குள் முடிச்சுகளை மூன்று பிரிவிலும் எடுத்தார்கள்.

ஆள் சேர்வது நத்தை வேகத்தில் நடந்தது. "சீட்டில் என்ன வருகிறதோ அதைத்தான் உங்களுக்குச் செய்வேன்" என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மருத்துவர்களுக்கு நாக்கு எழவில்லை. பிறகு வரிசையை மாற்றினார்கள். முதலில் சீட்டு, பிறகு "உங்களுக்கு இது வந்திருக்கிறது, சம்மதமா?" என்று கேட்பது. மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. சேர்க்கை விறுவிறுவென்று ஏறியது.

ஐந்தாண்டு முடிவு 1985இல் வந்தது. நான் இங்கே இருபதாண்டு முடிவைத் தருகிறேன், ஏனென்றால் எல்லோரும் "கொஞ்ச நாள் கழித்துத்தானே தெரியும்" என்பார்கள். லம்பெக்டமி மட்டும் செய்தவர்களில் அதே மார்பகத்தில் மறுமுளைப்பு 39.2 சதவீதம். கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 14.3. இருபதாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள்: முழு மார்பகம் எடுத்தவர்களில் 47 சதவீதம், மற்ற இரு பிரிவிலும் 46. ஒரு புள்ளி வித்தியாசம் கணக்கில் வராது.

இந்த 46, 47 என்பதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். 1970களின் மருந்துகள், இருபது வருட இடைவெளி, முதுமையால் இறந்தவர்களும் சேர்ந்த கணக்கு அது. இங்கே பார்க்க வேண்டியது மூன்றும் ஒன்றாக நிற்பதை. அதே சமயம் 39-ஐயும் 14-ஐயும் மறக்கக் கூடாது. "கட்டியை எடுத்தாச்சு, கரண்ட் எதுக்கு?" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். எருக்கஞ்செடி உவமையில் சொன்னால், பிடுங்கிய இடத்து மண்ணில் கிடக்கும் வேர்த்துணுக்குகளைக் கருக்குவது கதிர்வீச்சின் வேலை.

இத்தாலியில் மிலான் நகரத்து உம்பர்டோ வெரோனேசியும் 1973 முதல் 701 பெண்களிடம் இதேபோல ஆய்ந்து, 1981இலேயே இதே திசையில் முடிவைச் சொல்லிவிட்டார். பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதில்லை. 1990இல் கூடிய இன்னொரு மாநாடு, தொடக்கநிலை நோயில் மார்பகத்தைக் காக்கும் அறுவையே பெரும்பாலோருக்கு விரும்பத்தக்கது என்றது.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்: அக்குளை விட்டது உயிரைக் குறைக்கவில்லை, மார்பகத்தை விட்டதும் குறைக்கவில்லை. மார்பகத்தை விட்டால் கதிர்வீச்சு வேண்டும்.

## பறந்த விதைக்கு என்ன மருந்து?

ஃபிஷரை "அறுவையைச் சிறிதாக்கியவர்" என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. விதை பறந்துவிட்டது என்றால் செடியோடு மல்லுக்கட்டுவதைவிட முளைக்கும் முன் தெளிக்கும் களைக்கொல்லியைத் தேடுவதுதானே முறை? அறுவை முடிந்து, கண்ணுக்கு நோய் எதுவும் தெரியாதபோதே உடம்பு முழுக்கப் பரவும் மருந்தைத் தருவது 'துணைச் சிகிச்சை'. கீமோதெரபி என்று கேள்விப்படுவதில் பெரும்பகுதி இந்த வகை. "நோய்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு முடி கொட்டுற மருந்து?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். வயலில் பச்சையாக ஒன்றும் தெரியாத நேரத்தில் தெளிக்கிற மருந்து அது.

1972இல் ஃபிஷரின் குழு எல்-பாம் என்ற மாத்திரையைச் சோதித்து, மூன்று வருடத்தில் முடிவை வெளியிட்டது. மிலானில் ஜானி பொனடோனா மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து 1976இல் இன்னும் தெளிவான பலன் காட்டினார். பிறகு டமாக்ஸிஃபென். சில மார்பகப் புற்றுச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. டமாக்ஸிஃபென் அந்த ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அக்குளில் நோய் இல்லாத பெண்களுக்கும் அது மறுமுளைப்பையும் பரவலையும் குறைக்கிறது என்று பி-14 ஆய்வு 1989இல் காட்டியது.

அடுத்து அவர் வைத்தது ஒரு துணிச்சலான அடி. நோயே வராத, ஆனால் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களுக்கு 1992 முதல் டமாக்ஸிஃபென் அல்லது வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைப் பிரிவில் 175 பேருக்குப் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுநோய் வந்தது; மருந்துப் பிரிவில் 89 பேருக்கு. ஏறக்குறையப் பாதி. சும்மா கிடைத்த லாபம் இல்லை. மருந்து சாப்பிட்டவர்களில் கருப்பைப் புற்றுநோயும் இரத்த உறைவும் கூடின. 1998இல் வந்த முடிவு இது.

## ஒரு கசப்பான இடைவேளை

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே ஃபிஷரின் தலையில் இடி விழுந்தது. மான்ட்ரியாலில் ஒரு மருத்துவமனையிலிருந்து பி-06க்கு 354 பெண்களைச் சேர்த்திருந்த மருத்துவர், தகுதியில்லாத சிலரைச் சேர்ப்பதற்காகத் தேதி போன்ற விவரங்களைத் திருத்தியிருக்கிறார். 1990இல் ஃபிஷரின் அலுவலகமே இதைக் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு அரசுக்குத் தெரிவித்தது. ஆனால் பொதுமக்களுக்குச் செய்தி தெரிந்தது 1994இல், 'சிகாகோ ட்ரிப்யூன்' நாளிதழ் வழியாக. கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட லட்சக்கணக்கான பெண்கள் நடுங்கிப்போனார்கள். நாடாளுமன்ற விசாரணை நடந்தது, தலைவர் பதவியிலிருந்து ஃபிஷர் நீக்கப்பட்டார்.

அந்த மருத்துவமனையின் தரவு முழுவதையும் தூக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டார்கள். விடை மாறவில்லை. 1997இல் அரசு விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு 27.5 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. பதவி நீக்கம் அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மறுகணக்கை உடனே அச்சில் வெளியிட்டிருந்தால் அந்த 1994 பீதி வந்திருக்காது. அந்தத் தாமதம் அவர் தரப்புத் தவறு.

## ஃபிஷரும் முழுக்கச் சரியில்லை

ஃபிஷரின் கருத்தை அப்படியே நீட்டினால், எடுத்த இடத்தில் திரும்ப முளைப்பது உயிர்க்கணக்கைப் பாதிக்கவே கூடாது. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு பெரிய கூட்டுக் கணக்கு வந்தது. பல நாட்டுச் சீட்டு ஆய்வுகளைச் சேர்த்தது. ஐந்தாண்டுக்குள் நான்கு மறுமுளைப்புகளைத் தடுத்தால் பதினைந்தாண்டில் ஓர் உயிர் மிஞ்சுகிறது என்று அது சொன்னது. அதாவது சிலரிடம் விதை இன்னும் பறந்திருக்காது; விட்டுவைத்த மிச்சத்திலிருந்து பிறகு பறக்கும். நோய் ஆளுக்கு ஆள் வேறுபடும். கூரைத் தீயும் எருக்கம் விதையும் இரண்டு கோடிகள், பலர் நடுவில் இருக்கிறார்கள்.

முழு மார்பகத்தையும் எடுப்பது இன்றும் பலருக்குத் தேவைதான். மார்பக அளவுக்கு ஒப்பிடக் கட்டி பெரிதாக இருக்கலாம், வெவ்வேறு இடங்களில் இருக்கலாம், கதிர்வீச்சு தர முடியாத நிலை இருக்கலாம், குடும்ப வழி மரபணுக் கோளாறு இருக்கலாம். அந்த அறுவை செய்துகொண்டவர் ஏமாந்தார் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கத்தி பட்டால் பரவும்" என்ற அக்காவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நோய் முற்றி வந்தவருக்கு அறுவை நடக்கிறது. எப்போதோ பறந்த விதை ஆறு மாதம் கழித்து எலும்பில் முளைக்கிறது. பார்த்தவர் கண்ணுக்குக் கத்தியும் பரவலும் அடுத்தடுத்து வருகின்றன, பழி கத்திக்கு. அந்தப் பயத்தில் இன்னொரு பெண் கட்டியை மறைத்து, முற்றிய பிறகு வருகிறார். அவருக்கும் அதே கதை நடக்கிறது, ஊர் நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது.

வேறொரு தடையும் இருக்கிறது. ஃபிஷரின் ஆய்வில் லம்பெக்டமிக்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறக்குறைய ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு இயந்திரம் இருக்கும் நகரத்தில் அறை எடுத்துத் தங்க வழியில்லாத பெண், "முழுசாவே எடுத்துடுங்க டாக்டர்" என்றுதான் சொல்வார். அந்த நாள்கணக்கையும் சீட்டு ஆய்வுகள்தான் குறைத்துவருகின்றன. முதலில் ஐந்து வாரம் மூன்றானது. பிரிட்டனில் நான்காயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஆய்வில், மூன்று வாரம் தருவதும் ஒரே வாரத்தில் ஐந்து முறை தந்து முடிப்பதும் ஐந்தாண்டு மறுமுளைப்பில் ஒன்றுபோலவே இருந்தன. அந்த முடிவு வெளிவந்தது 2020இல். ஃபிஷர் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.